கொள்ளிக்கு வைத்த பிள்ளை

காரைக்காலில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. துணைவேந்தருடைய அண்ணன் வீடு எது என்று கேட்டால், கோவில்பத்து முக்கில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர்கூட வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்துவந்து வாசலைக் காட்டிவிட்டுப் போவார். இந்த ஊரை விட்டு நகராமல் ஆயுள் முழுக்கச் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான். ஊரை விட்டுப் போனவனோ என் தம்பி. அவனை வைத்துத்தான் எனக்கு அடையாளம் என்றால், அதைக் கேட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு இருப்பதற்குத் தனியாக ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. பல வருஷம் பழகியும் எனக்கு அது சரியாக வரவில்லை.

அவன் துணைவேந்தரானபோது ஒரு பத்திரிகைக்காரர் வீடு தேடி வந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா. “உங்க தம்பி இவ்வளவு பெரிய நிலைக்கு வருவாருன்னு சின்ன வயசிலேயே உங்களுக்குத் தெரியுமா சார்?” என்று கேட்டார். தெரியும், எனக்கு அப்போதே வயிறு எரிந்ததே, அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. “தெரியும் சார், சின்ன வயசிலேயே ரொம்ப சூட்டிகை” என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன். சொன்னதும் பொய் இல்லை. ஆனால் அந்த வீட்டில் சூட்டிகையான பிள்ளை என்று முதலில் பெயர் வாங்கியவன் நான். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் அப்பா மேரியில் குமாஸ்தா. நகரசபை ஆபீசை அப்போது எல்லோரும் மேரி என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர். ஊரில் யார் பிறந்தாலும் யார் செத்தாலும் அப்பாவிடம் வந்து சொல்லவேண்டும், அவர் பதிந்துகொள்வார். அந்த வேலை பார்த்துப் பார்த்தோ என்னவோ, எதையும் இரண்டு பக்கமும் யோசிக்கிற புத்தி அவருக்கு வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் இருப்பானா போவானா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். காரைக்காலைச் சுற்றி நாலா பக்கமும் வேறு ராஜ்யம், கிழக்கே கடல். அப்பா மாதிரி யோசித்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். இரண்டு ஆண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒருவனைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போடுவார்கள், இன்னொருவனை எல்லை தாண்டி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போடுவார்கள். எந்தக் கொடி பறந்தாலும் வீட்டில் ஒருவனுக்குச் சோறு நிச்சயம் என்று கணக்கு.

“பெரியவன் கப்பல் பக்கம், சின்னவன் ரயில் பக்கம்” என்று அப்பா சொல்வார். கப்பல் என்றால் பிரெஞ்சுப் படிப்பு, ரயில் என்றால் இங்கிலீஷ். கப்பல்தான் அப்போது பெரிது. நல்லதை மூத்தவனுக்குக் கொடுத்தார். அது எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

தம்பி என்னைவிட நான்கு வயது சின்னவன். அவனுக்கு ஏழு வயது நடக்கும்போது அம்மா ஜுரத்தில் இறந்துபோனாள். எங்களில் வழக்கம், தகப்பனுக்கு மூத்த பிள்ளை கொள்ளி வைப்பான், தாய்க்குக் கடைசிப் பிள்ளை வைப்பான். அந்தப் பொடியனுக்கு மொட்டையடித்து, இடுப்பில் நிற்காத வேட்டியைச் சுற்றி, தோளில் குடத்தை வைத்து நடக்கவிட்டார்கள். பங்காளி முறையில் பெரியப்பா ஒருவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெருப்பை வைக்கச் செய்தார். நான் பின்னால் நின்றேன். அம்மா போனதற்கு அழுதேன். அழுகைக்கு நடுவிலேயே, அம்மாவுக்குக் கடைசியாகச் செய்ய என்னை ஏன் விடவில்லை என்று கோபம் வந்தது. சுடுகாட்டில் நின்றுகொண்டு தம்பியின் மொட்டைத்தலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கருமாதி முடிந்த மறுநாள் பெரியப்பா அப்பாவிடம் சொன்னார். “சின்னவன் கடன் கழிஞ்சிடுச்சுப்பா. இனிமே அவன் எங்க வேணாலும் போலாம். பெரியவனத்தான் பக்கத்துல வச்சிக்கணும்.” அந்த வாரமே அப்பா அவனை நாகப்பட்டினத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடம். லீவுக்கு லீவு வருவான். எல்லையில் இருந்த வாஞ்சூர் சாவடியில் சுங்கக்காரன் அவன் துணிப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு விடுவான். உள்ளே ஒரு சட்டையும் அத்தை கொடுத்த முறுக்கும் இருக்கும்.

நானோ பூட்ஸ் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரனுடைய தேசியப் பண்டிகைக்குத் துரைமார் முன்னால் பிரெஞ்சில் பாட்டு ஒப்பிக்க என்னைத்தான் நிறுத்துவார்கள். ஒரு வருஷம் தம்பி எப்படியோ வந்திருந்தான். கூட்டத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாழ்க்கையில் அவன் கீழே நின்று நான் மேடையில் நின்றது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அவனை மேடையில் பார்த்துப் பார்த்து என் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபது வயது இருக்கும், ப்ரெவே பரீட்சையில் நல்லபடியாகத் தேறினேன். அது பிரெஞ்சுக்காரன் வைக்கிற பள்ளியிறுதிப் பரீட்சை. அது இருந்தால் ஆபீஸில் நாற்காலி உறுதி. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்து டைரக்டர் துரை என்னைக் கூப்பிட்டு நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. பிரான்சில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார். தங்கல், சாப்பாடு, கப்பல் எல்லாம் சர்க்கார் பொறுப்பு. அங்கே மூன்று வருஷம் படித்தால் மேலே சர்வகலாசாலைக்கும் போகலாம், பிறகு பேராசிரியராகவே ஆகலாம் என்றார். “உனக்கு மூளை இருக்கிறது” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, தன் நெற்றியை விரலால் தட்டிக்காட்டினார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நானும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கையை இலையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“எனக்கு ஒண்ணுன்னா எத்தன நாள்ல வந்து சேருவ?”

“கப்பல்ல மூணு வாரம் ஆகும்ப்பா.”

“பொணம் மூணு வாரம் தாங்குமாடா?”

“ஏம்ப்பா இப்படி எல்லாம் பேசறீங்க? நீங்க நல்லாதானே இருக்கீங்க?”

“மேரியில நான் சாவுன்னு பதியறவன்ல பாதிப்பேரு முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்தவன்தான்.”

“தம்பி இருக்கானேப்பா.”

“அவன் அம்மாவுக்கு வச்சவன். எனக்கு நீதான்.” மோரை ஊற்றிப் பிசைந்தார். “உன்ன வுட்டுட்டு நான் யாருகிட்ட போயி நிப்பேன்?”

அதற்குமேல் பேச்சில்லை. அழுதுபார்த்தேன், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்துபார்த்தேன், டைரக்டர் துரையையே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அப்பா அவருக்கு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தையில் நன்றி சொல்லி அனுப்பிவைத்தார். பக்கத்து நெரவியிலிருந்து போன ஒருவனுக்கு அந்த இடம் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வரி ஆபீஸில் ஒரு மேசை.

அதே வருஷம் தம்பி கும்பகோணத்தில் கல்லூரியில் சேர்ந்தான். அப்பாவே அவனுக்கு டிரங்குப்பெட்டி வாங்கி, ஸ்டேஷன் வரைக்கும் வந்து, பேரளம் போகிற வண்டியில் ஏற்றிவிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். எத்தனை நாளில் வந்து சேருவாய் என்று அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்குக் கும்பகோணம், சென்னை, டில்லி, சந்திரமண்டலம் எல்லாம் திறந்து கிடந்தது. அவன்தான் கடன் கழித்தவன் ஆயிற்றே. வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் தலையை நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டு போனான். எனக்கு அந்தப் பார்வை ஜெயித்தவன் பார்வையாகப் பட்டது.

அவனிடமிருந்து வாரம் ஒரு கடுதாசி வரும். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. ஆகவே தம்பியின் பெருமைகளை உரக்க வாசிக்கிற உத்தியோகமும் எனக்கே வந்து சேர்ந்தது. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. அப்பா, “இன்னொரு தடவ படி.” வகுப்பில் முதல் இடம். “அந்த எடத்த மறுபடி படி.” சென்னையில் ஆனர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. “நிறுத்திப் படிடா, ரயில் புடிக்கப் போறவன் மாதிரி படிக்கிற.” நான் ஒரு எழுத்தைக்கூட விடாமல், ஏற்ற இறக்கத்தோடு, ஜூலை பதினாலு மேடையில் ஒப்பிக்கிற மாதிரியே வாசித்தேன். அதற்காவது யாராவது என்னைப் பாராட்டியிருக்க வேண்டும். அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போவார். அங்கே அவருடைய சிநேகிதர் ஒரு துணிக்கடை மரைக்காயர். “மாஷா அல்லாஹ்! சின்னப்புள்ள எங்கயோ போயிடுவாரு, பாருங்க” என்று அவர் சொல்வது ரோட்டைத் தாண்டி என் ஆபீஸ் ஜன்னல் வரைக்கும் கேட்கும். எங்கயோ போயிடுவார்தான். போக விட்டார்களே.

ஐம்பத்து நாலில் கொடி மாறியது. ஊரெல்லாம் மத்தாப்பு. நானும் கைதட்டினேன், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் மறுவாரம் ஆபீஸுக்குப் புது அதிகாரி ஒருவர் வந்தார். என் மேசைமேல் இருந்த காகிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்ன மிஸ்டர், ஒண்ணும் புரியலையே?” என்றார். பத்து வருஷம் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய்ப் படித்ததெல்லாம் ஒரே கேள்வியில் முடிந்தது. இனிமேல் எல்லாம் இங்கிலீஷ், இங்கிலீஷில் இலாகாப் பரீட்சை தேறினால்தான் உத்தியோகம் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவின் கணக்கு பொய்க்கவில்லை. எந்தக் கொடி பறந்தாலும் வீட்டில் ஒருவனுக்குச் சோறு என்றார், ஒருவனுக்கு இருந்தது. அந்த ஒருவன் நான் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குள் எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. என் மனைவி மாயவரத்துப் பெண். அவளுக்கும் கொழுந்தன் என்றால் ஒரு தனி மரியாதை. கோடை விடுமுறைக்கு அவன் வருகிறான் என்றால், கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன்கூடை கொண்டுவருகிற அம்மாளிடம் முதல் நாளே சொல்லிவைத்துக் கோலாமீன் வாங்குவாள். எனக்கும் கோலா பிடிக்கும் என்பது அவன் வந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வரும்.

ஆனர்ஸில் முதல் வகுப்பில் தேறி, சென்னையிலேயே ஒரு கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்தான். சேர்ந்த வருஷமே விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று மாணவர்கள் கலாட்டா செய்தார்கள். பிரின்சிபால் பேசிப் பார்த்தார், பேராசிரியர்கள் பேசிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. தம்பி போய் ஒன்றும் பேசவில்லையாம். தட்டை எடுத்துக்கொண்டு மாணவர்களோடு வரிசையில் நின்று, அதே சோற்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “நாளைக்கும் இதேதானா? நாளைக்கும் நான் இங்கதான் சாப்பிடுவேன்” என்று சமையல்காரரைக் கேட்டானாம். ஒரு வாரம் அங்கேயே சாப்பிட்டான். சாப்பாடு சரியாகிவிட்டது, கலாட்டாவும் அடங்கியது. அவனை உதவி வார்டனாக்கினார்கள், மறுவருஷம் விரிவுரையாளர் வேலை. இதையும் நான்தான் வாசித்தேன், அப்பா மூன்று தடவை கேட்டார். பிற்காலத்தில் அவன் துணைவேந்தராக இருந்த இடங்களில் எத்தனையோ வேலைநிறுத்தங்கள். கதவைச் சாத்திக்கொண்டு போலீசைக் கூப்பிடாமல் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுவான் என்று எழுதுவார்கள். அத்தனைக்கும் ஆரம்பம் அந்த விடுதித் தட்டுதான். என்னை ஏழு நாள் கெட்ட சோறு சாப்பிடச் சொல்லியிருந்தால் நானும் சாப்பிட்டிருப்பேன். யாரும் சொல்லவில்லை.

நானோ இங்கிலீஷில் இலாகாப் பரீட்சையை ஒரு தடவை எழுதிக் கோட்டைவிட்டிருந்தேன். கோடை விடுமுறையில் தம்பி, “அண்ணே, தினம் காலையில கொஞ்ச நேரம் ஒக்காருவோமா?” என்று கேட்டான். எனக்கு ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். நான் எழுதிக் காட்டுவேன். அவன் படித்துவிட்டு ஒரு நாளும் தப்பு என்று சொன்னதில்லை. “தப்பில்லண்ணே. ஆனா இப்படி எழுதினீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்” என்பான். அதாவது முழுக்கத் தப்பு. மரியாதையில் ஒரு நூல் குறைவிருக்காது, குறைவிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். இதே ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் பின்னாளில் பெரிய பெரிய பேராசிரியர்களை எல்லாம் கூட்டத்தில் உட்காரவைப்பான் என்று கேள்விப்பட்டேன். அந்த வரிசையில் முதலில் உட்கார்ந்தவன் நான். பக்கத்து அறையில் அப்பா கட்டிலில் படுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவ்வளவும் இருந்தும் எனக்குள் ஒரு பிடிமானம் இருந்தது. தம்பிக்கு உலகம் கிடைத்திருக்கலாம். அப்பா எனக்குத்தான். ஊரில் எல்லோரும் போன பிறகு யார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கேட்டு, என்னை எடுத்து வைத்துக்கொண்டவர் அவர். அவருக்கு இழுப்பு வந்தால் முதுகைத் தடவுவது நான், கஷாயம் வைத்துக் கொடுப்பது என் மனைவி, கைத்தாங்கலாகக் கொல்லைக்கு அழைத்துப்போவது நான். கடைசியில் நெருப்பு வைக்கப் போவதும் நான். அது துக்கமான காரியம்தான். ஆனால் அந்தக் காரியத்துக்காக நான் பிரான்ஸை விட்டேன். அது எனக்கு வரவேண்டியது. அதில் மட்டும் அவனுக்குப் பங்கில்லை என்று ஒரு பெருமை இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. இலாகாப் பரீட்சையைப் புதுச்சேரியில் வைத்தார்கள். அப்பாவுக்கு வழக்கம்போல மழைக்காலத்து இழுப்பு. ஒவ்வொரு வருஷமும் வருவதுதான் என்றாலும், என் மனைவியை மட்டும் துணைக்கு விட்டுப்போக மனம் வரவில்லை. தம்பிக்கு எழுதினேன், ஒரு வாரம் வந்து அப்பா பக்கத்தில் இரு, நான் பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன் என்று. லீவு போட்டுவிட்டு உடனே வந்தான். கிளம்பும்போது அப்பா என் கையைப் பிடித்து, “நல்லா எழுதிட்டு வா பெரியவனே” என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

இரண்டாவது தாளை எழுதிவிட்டு விடுதிக்கு வந்தால் தந்தி. அப்பாவுக்கு மோசம், உடனே புறப்படவும். அடுத்த தாளை விட்டுவிட்டு ரயிலடிக்கு ஓடினேன். விழுப்புரத்தில் மாறி ஏறினேன். சிதம்பரத்தில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தின்மேல் தண்ணீர் போகிறது, எப்போது விடுவார்கள் என்று தெரியாது என்றார்கள். பஸ்ஸும் கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து எங்கள் அப்பா சாகக் கிடக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன். தப்பில்லாத இங்கிலீஷ். அவர் தமிழில், “தண்ணிகிட்ட நான் என்ன சார் சொல்றது?” என்றார். அன்று முழுக்கப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, கொஞ்சம் பொறுங்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் வண்டி விட்டார்கள். பேரளத்தில் இறங்கி மாறி, காரைக்கால் ஸ்டேஷனில் ஜட்கா பிடித்து வீட்டு வாசலில் இறங்கினேன். பந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசல் கழுவியிருந்தது. என் மனைவி என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“நேத்து சாயந்தரமே எடுத்துட்டாங்கங்க.”

கூடத்தில் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். நடுவில் ஈர வேட்டியோடு, மொட்டைத் தலையோடு, தம்பி. ஏழு வயதில் பார்த்த அதே தலை, பெரிதாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

பெரியப்பாதான் பேசினார். அம்மாவின் சிதையில் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்த அதே பெரியப்பா. “எவ்வளவு நேரம்தான் வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கறதுப்பா? மழை வேற. ஒடம்பு தாங்கல. சின்னவன் வேணாம், அண்ணன் வரட்டும்னுதான் சொன்னான். நாங்கதான் புடிச்சு வைக்கச் சொன்னோம்.”

“கருமாதியாவது நான் பண்றேன் பெரியப்பா.”

“கொள்ளி வச்சவன்தாம்ப்பா முடிக்கணும்.”

“அண்ணன் செய்யட்டுமே பெரியப்பா. மொற அவரோடதுதானே?” என்றான் தம்பி.

“மொற வேற, நடந்தது வேற. வச்ச கையிதான் கடைசிவரைக்கும் செய்யணும். வருஷா வருஷம் திதியும் அவன்தான்.”

அப்படியே நடந்தது. வருஷா வருஷம் வந்தான். விரிவுரையாளராக வந்தான், பேராசிரியராக வந்தான், துணைவேந்தராகக் காரில் வந்தான். டிரைவர் வாசலில் நிற்பார், தெருவே எட்டிப்பார்க்கும். அவன் சட்டையைக் கழற்றி உட்கார்ந்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பான். நான் பக்கத்தில் நின்று சொம்பை எடுத்துக் கொடுப்பேன். அவனுக்காவது பல்கலைக்கழகத்தில் சொம்பு எடுத்துக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். இந்த ஒரு இடத்திலாவது நான் உட்கார்ந்திருக்கக்கூடாதா.

ஆனால் அந்த முதல் நாளை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு என் மனைவி எனக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னாள். “கடைசியில மாமாவுக்கு உங்க நெனப்புதாங்க. கண்ணு ஒண்ணும் தெரியல. கையைத் தடவிப் பாத்து, ‘பெரியவனா? வந்துட்டியா?’ன்னு கேட்டாரு. தம்பி, ‘ஆமாப்பா, பெரியவன்தான், வந்துட்டேன்’னாரு. அதுக்கப்புறம்தான் நிம்மதியா கண்ண மூடினாரு.”

கஞ்சியைக் கீழே வைத்தேன். படிப்பை எடுத்துக்கொண்டான், மேடையை எடுத்துக்கொண்டான், கோலாமீனை எடுத்துக்கொண்டான், கொள்ளியை எடுத்துக்கொண்டான். போகட்டும். அப்பா கடைசியாகக் கூப்பிட்டது என்னை. அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லும் உரிமையைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லையே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா அந்தக் கையை என் கை என்று நம்பிக்கொண்டே போய்விட்டார். என் கை சிதம்பரத்தில் இருந்தது.

எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றடியில் தம்பி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

“என்னைக் கூப்பிட்டதுக்கு நீ எப்படிடா பதில் சொன்ன?” என்றேன். “நான் சின்னவன்னு சொல்ல வாயில்லையா உனக்கு?”

பிழிந்த வேட்டியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றான். வழக்கம்போல, தப்பில்லண்ணே என்று ஆரம்பிப்பான் என்று எதிர்பார்த்தேன். ஆரம்பித்திருந்தால் நிச்சயம் அறைந்திருப்பேன். அவன் வேறு குரலில் பேசினான். அப்படி ஒரு குரல் அவனிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

“வந்ததுலேருந்து அவரு பக்கத்துலயேதாண்ணே ஒக்காந்திருந்தேன். காலப் புடிச்சி விட்டேன், மருந்து குடுத்தேன். சின்னவனான்னு ஒரு தடவகூட கேக்கல. பெரியவன் எங்க, பெரியவன் எங்கன்னுதான். நான் இல்லப்பா சின்னவன்னு சொல்லியிருந்தா கைய வுட்டுருப்பாரு. அந்தக் கைய வுட எனக்கு மனசு வரல.”

கையிலிருந்த வேட்டியை மறுபடி ஒரு தடவை முறுக்கினான்.

“அம்மா போயி முழுசா ஒரு மாசம் ஆகல, என்னைய அத்த வீட்டுல கொண்டாந்து வுட்டாரு. எங்க வேணாலும் போலாம்னு எல்லாரும் சொன்னாங்க. இருடான்னு ஒருத்தர் சொல்லலியே. நீங்க பிரான்சுக்குப் போறேன்னப்ப எப்படி மறிச்சு நிறுத்தினாரு! எனக்கு டிரங்குப்பெட்டி வாங்கிக் குடுத்தாரு. ஒவ்வொரு தடவையும் வண்டி கெளம்பறப்ப எட்டிப் பாப்பேன், நீங்க அவரு பக்கத்துல நிப்பீங்க. வயிறு எரியும்ணே. ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினா கூப்பிடுவாரா, வேலைக்குப் போயிட்டா கூப்பிடுவாரான்னுதான் படிச்சேன். இன்னிவரைக்கும் உங்களப் பாத்தா எரியுது.”

சொல்லிவிட்டு அங்கேயே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதான். கல்லூரி விரிவுரையாளர், வருங்காலத் துணைவேந்தர், வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினான்.

அண்ணன் என்றால் போய் அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். கதைகளில் அப்படித்தான் வரும். எனக்குக் கால் நகரவில்லை. எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபமும் இல்லை, அப்பட்டமான அதே பழைய எரிச்சல்தான். அந்த வீட்டில் என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. யாரோடும் பங்கில்லாமல், முழுக்க எனக்கே எனக்கு என்று இத்தனை வருஷமாக வளர்த்து வைத்திருந்தேன். அதையும் இவன் என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், ஏழு வயதிலேயே தொடங்கியிருக்கிறான். நான் தொடங்கியபோது எனக்குப் பதினொன்று. பொறாமையிலாவது நான் அவனுக்கு மூத்தவன் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.